பேசினால் கண்ணாடி மங்கும்

ஹெய்மோ, ஜனவரி 8

அன்புள்ள அக்கா,

ஊர் முழுக்கத் தெரிந்த சேதி உன் முடிதிருத்தும் கடை நாற்காலி வழியாக உனக்கு வந்து சேருமுன் நானே எழுதிவிடுகிறேன். போன வியாழக்கிழமை, ஸ்கார்வ மலையின் தடுப்புக் கட்டைக்கு முன்னால், வரிசையில் நின்ற அத்தனை வண்டிக்காரர்களும் பார்க்க, ஐம்பத்து நான்கு வயதான நான் கால்சட்டையை நனைத்துக்கொண்டு நின்றேன்.

நீ நினைப்பது அல்ல. ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் நீ நினைப்பதைத்தான் நினைத்தார்கள்.

காரில் ஹீட்டர் போடுவதை நான் விட்டுவிட்டது உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் ஆட்டு விலா வெந்துகொண்டிருந்தபோது நீ என் முகத்துக்கு நேராகக் கத்தியது அதற்காகத்தானே. எங்கள் மின்கார் சங்கத்தின் குளிர்காலக் கோப்பை, பத்து கிலோமீட்டருக்கு மிகக் குறைந்த யூனிட் செலவழிப்பவனுக்கு. நான் முதலிடத்தில் இருக்கிறேன். இரண்டாமிடத்தில் பல் டாக்டர். அவரைப் பின்தள்ளுவதில் உள்ள இன்பம், அவர் நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்த யாருக்கும் புரியும்.

ஆகவே ஹீட்டருக்குப் பதில் மடியில் வெந்நீர்ப் பை. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. பை பழையது. தடுப்புக் கட்டை அருகே அது தன் கடமையிலிருந்து ஓய்வு பெற்றது.

அங்கே ஓஸ்முண்டைத் தெரியுமல்லவா, புயல் நாட்களில் பனி தள்ளும் லாரியை முன்னே விட்டு எங்களையெல்லாம் வாத்துக் குஞ்சுகள்போல் மலையைத் தாண்டிக் கூட்டிப்போகிறவன். ஒவ்வொரு வண்டியாகத் தட்டி, சார்ஜ் இருக்கிறதா, கம்பளி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்தான்.

"இறங்கு டோர்கிரிம். மண்வெட்டி வச்சிருக்கியான்னு பாக்கணும்."

இறங்கினேன். கால்சட்டையிலிருந்து ஆவி எழும்பியது. அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வயசானா வர்றதுதான். எங்கப்பாவுக்கும் இருந்துச்சு."

"வெந்நீர்ப் பைடா. ஓட்டை."

"ம். எங்கப்பாவும் ஏதாவது ஒண்ணு சொல்லுவாரு."

மலை இறங்குவதற்குள் கால்சட்டை தகரமாகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நான் நடந்த நடையை மாதக் கடைசியில் வரும் என் பத்திரிகைப் பத்தியில் எழுதப்போகிறேன். ஆசிரியருக்கு இப்போதே சிரிப்பு தாங்கவில்லை.

என் மனைவி சுன்னிவா மட்டும் சிரிக்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது, எங்கள் காரில் அது சட்டம். ஹீட்டர் இல்லாவிட்டால் மூச்சுக்காற்று முன்கண்ணாடியில் உள்பக்கமாக உறைந்துவிடும். சிரித்தால் ஒரு தட்டு அளவு, பேசினால் ஒரு முகம் அளவு. அதனால் பேச்சு கிடையாது, மூச்சு சால்வைக்குள். தலை முதல் கால்வரை பஞ்சு உடுப்பில், பக்கத்து இருக்கையில், முன்னாலேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நல்ல பயணத் துணை.

என் போனை எடுக்கமாட்டாய் என்றாய். கடிதத்தையாவது பிரி.

டோர்கிரிம்


சுண்ட்விக், ஜனவரி 12

டோர்கிரிம்,

பிரித்தேன். சிரித்தேன். அதற்காக என்மேலேயே கோபப்பட்டு, மறுபடி படித்தேன். இரண்டாவது முறை சிரிப்பு வரவில்லை. உன் போனை எடுக்காததற்குக் காரணம் இதுதான். போனில் நீ என்னைச் சிரிக்க வைத்து, சொல்ல வந்ததை மறக்கடித்துவிடுவாய். எழுத்தில் என்றால் நான் திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

சொல்ல வந்தது இது. கிறிஸ்துமஸ் அன்று சுன்னிவாவின் கையிலிருந்து முள்கரண்டி மூன்று தரம் விழுந்தது. நீ 'என் மனைவி இப்போது ஆட்டைக் கையால் வேட்டையாடுகிறாள்' என்றாய், மேசையே சிரித்தது. நான் அவள் விரல்களைப் பார்த்தேன். மெழுகு. நகத்துக்குக் கீழே ரத்தமே இல்லை. அவளுக்கு இருக்கிற நோய்க்கு மருந்தைவிடக் கதகதப்புதான் முக்கியம் என்று டாக்டர் சொன்னபோது நானும் அந்த அறையில் இருந்தேன். "குளிர் பட்டா விரல் நுனி புண்ணாகும், புண்ணானா அப்புறம் ஆர்கன் வாசிக்கிறதை மறந்துடுங்க"ன்னு அந்த அம்மா முகத்துக்கு நேரே சொன்னாள். அந்த டாக்டரிடம் போவதற்கே நீ அவளை ஹீட்டர் இல்லாத வண்டியில் மலை தாண்டிக் கொண்டுவருகிறாய்.

இருக்கைச் சூடு போட்டிருக்கிறேனே என்பாய். தெரியும். அவள் தேவாலயத்தில் ஆர்கனை உட்காருகிற இடத்தால் வாசிக்கவில்லை.

இன்னொன்று. எப்போதிலிருந்து அவள் காரில் பேசுவதில்லை? அதை நீ வேடிக்கையாக எழுதியிருக்கிறாய். நீ வேடிக்கையாக எழுதுகிறவற்றைத்தான் நான் பயந்து படிப்பேன், சின்ன வயதிலிருந்தே.

ராக்ன்ஃப்ரிட்


ஹெய்மோ, ஜனவரி 17

அன்புள்ள அக்கா,

உட்காருகிற இடத்தைப் பற்றிய வரியை நான் திருடப்போகிறேன். முன்கூட்டியே மன்னிப்பு.

என்னை ஒரு கொடுமைக்காரன்போல் எழுதுகிறாயே. வீட்டில் இருபத்திரண்டு டிகிரி, அடுப்பில் பிர்ச் கட்டை, அவள் காலில் நீ பின்னிக் கொடுத்த காலுறை. காரில் மட்டும்தான் இந்த விரதம். அதுவும் பிப்ரவரி கடைசிவரை. கையுறைக்குள் வைக்கிற சூடு பொட்டலம்கூட வாங்கிக் கொடுத்தேன். அவள் அதை ஆர்கன் மேல் வைத்துவிட்டு வருகிறாள்.

காரைப் பற்றி உனக்கு ஒரு சேதி. திரையில் காட்டுகிற எண் இருக்கிறதே, இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று, அதைக் கார் எப்படிக் கணக்கிடுகிறது தெரியுமா? ஓட்டுகிறவன் இதுவரை எப்படி ஓட்டினான் என்று பார்த்துத்தான். முழு சார்ஜில், இந்தக் கொலைக் குளிரில், எனக்கு முந்நூறு காட்டுகிறது. பல் டாக்டருக்கு அதே வண்டியில் நூற்றெண்பது. என்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த ஜீவன் இந்த உலகத்தில் வேறில்லை. எங்கள் நாயும் வைத்ததில்லை.

பேச்சைப் பற்றிக் கேட்டாய். நவம்பரிலிருந்து என்று நினைக்கிறேன். வீட்டிலும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பழக்க தோஷம். நேற்றுச் சாப்பாட்டில் நல்ல நகைச்சுவை ஒன்று சொன்னேன், அவள் சால்வையைத் தூக்கி வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்குள் சால்வை எதற்கு என்றேன். கீழே விட்டாள். அவ்வளவுதான்.

ஆனால் போன ஞாயிறு ஒன்று நடந்தது, அதை உன்னிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். காட்டு வளைவில் போய்க்கொண்டிருந்தோம். கண்ணாடியின் உள்பனியை நான் வங்கி அட்டையால் சுரண்டிக்கொண்டே ஓட்டினேன். என் முன்னால் ஒரு தட்டு அளவு ஓட்டை, அவள் முன்னால் அதுகூட இல்லை, பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எல்க்," என்றாள்.

"கண்ணாடி, சுன்னிவா."

"டோர்கிரிம், எல்க்."

"பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

அப்புறம் அந்தப் பெரிய காட்டுமான் என் தட்டு ஓட்டைக்குள் வந்தது. நெடுங்காலும் மூக்குமாக. எப்படி விலகினோம் என்று தெரியாது. பனிக்குவியலில் போய் மெத்தென்று நின்றோம். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் வார்த்தைகள் அவள் பக்கக் கண்ணாடியில் இரண்டு வெள்ளை வட்டமாக உறைந்திருந்தன, அதைக் கையுறையால் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சிரிப்பாகச் சொன்னேன். என்னவென்று இப்போது நினைவில்லை.

பிழைத்தோம். பத்து கிலோமீட்டருக்கு ஒன்று புள்ளி ஒன்பது யூனிட்.

டோர்கிரிம்


சுண்ட்விக், ஜனவரி 26

டோர்கிரிம்,

உன் கடிதம் ஐந்து நாள் மலைக்கு அந்தப் பக்கமே கிடந்து இன்றுதான் வந்தது. இது எப்போது வந்து சேருமோ. அடுத்த வாரத்துக்கு இன்னும் பெரிய புயல் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசி வரியை எழுதினாயே, அதை எழுதிய கையை எனக்குத் தெரியும், சின்ன வயதில் அதைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போயிருக்கிறேன். அதனால் திட்டாமல் கேட்கிறேன்.

அந்த எண் உன்னைப் பார்த்துப் பழகிய எண் என்கிறாய். நீ குளிரில் விறைத்துக்கொண்டு ஓட்டுகிறாய், வண்டி அதை இயல்பு என்று எடுத்துக்கொண்டது. பட்டினி கிடப்பவனைப் பார்த்துச் சமையல்காரி அரைப்பிடி அரிசி போடப் பழகினாளாம், அதுபோல. சரி. நாளைக்கு சுன்னிவா தனியாக ஓட்டி, ஹீட்டரைப் போட்டால்? எந்த மனுஷியும் போடுவாள். அப்போது முந்நூறு முந்நூறாக இருக்குமா? மலைமேல் வரிசை நின்றுவிட்டால் திரும்பவும் முடியாது, இறங்கவும் முடியாது என்பது உனக்குத் தெரியும். நின்ற வண்டியிலும் ஹீட்டர் தின்றுகொண்டேதான் இருக்கும்.

ஆகவே பிப்ரவரி முதல் தேதி அவள் டாக்டரிடம் வருவதற்கு அந்தக் காரை அவளிடம் கொடுக்காதே. பேருந்தில் ஏற்றிவிடு. பேருந்து ஓடாவிட்டால் நாள் மாற்றிக்கொள்ளலாம், நான் ஆஸ்பத்திரியில் பேசுகிறேன்.

இன்னொன்று, இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் ஊர் போர்கில்ட் முடிக்குச் சாயம் போட வந்தாள். வாய் சும்மா இருக்குமா.

"உங்க தம்பி பெண்டாட்டி ரொம்ப உழைக்கிறாங்கம்மா. தெனம் சாயங்காலம் சர்ச்சுல விளக்கு எரியுது."

"பயிற்சி பண்றாளா இருக்கும்."

"அதான் எனக்கும் புரியல. வெளக்கு எரியுது, ஆர்கன் சத்தம் மட்டும் வரதில்ல. எட்டிப் பார்த்தேன். சின்ன ஹீட்டர் முன்னாடி கையை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. தனியா ஏதோ பேசிக்கிட்டு."

நான் அவளுக்குச் சாயத்தை ஒரு நிமிஷம் அதிகமாக விட்டுவிட்டேன். உன் தப்பு.

ராக்ன்ஃப்ரிட்


ஹெய்மோ, ஜனவரி 30

அக்கா,

உன் பதில் வரவில்லை. தபால் வண்டி தடுப்புக் கட்டைக்குப் பின்னால் நிற்கிறதாம். போனையும் நீ எடுக்கவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாததால் எழுதுகிறேன்.

சுன்னிவா காலையில் கிளம்பிவிட்டாள். வியாழக்கிழமை புயலில் மலை மூடிவிடும், முன்னாடியே போய் உங்க அக்கா வீட்டில் இரண்டு நாள் இருக்கிறேன் என்றாள். இந்த மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம். எனக்குப் பத்தி கொடுக்கவேண்டிய கடைசி நாள். "நானே ஓட்டிக்கிறேன்," என்றாள். முழு சார்ஜ். முந்நூறு காட்டியது. உன் ஊருக்கு நூற்று முப்பது. நான் நிம்மதியாக உட்கார்ந்து, உறைந்த கால்சட்டையைப் பற்றி எழுத ஆரம்பித்தேன்.

என் கைபேசியில் கார் தெரியும். எங்கே இருக்கிறது, எவ்வளவு சார்ஜ், உள்ளே எவ்வளவு சூடு. சும்மா பார்த்தேன். உள்ளே இருபத்து நான்கு டிகிரி.

கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்புறம் அந்த எண் விழ ஆரம்பித்தது, அக்கா. அறுபது கிலோமீட்டர் ஓடியதற்கு நூற்றைம்பதுக்கும் மேல் கழிந்துவிட்டது. நான் மூன்று மாதம் குளிரில் விறைத்துக் கட்டிய வீட்டை அவள் ஒரு மணி நேரத்தில் இடித்துவிட்டாள். இப்போது தடுப்புக் கட்டை முன்னால் வரிசையில் நிற்கிறாள். ஓஸ்முண்டின் லாரிக்காகக் காத்திருக்கிறார்கள். சார்ஜ் எழுபத்து நான்கு சதவீதம்.

மேலே வரிசை நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். சார்ஜ் பிற்பாடு அவளுக்குத் தேவைப்படும். அதை அவள் இப்போதே செலவழிக்கிறாள். நிற்கிற வண்டியின் ஹீட்டரை இங்கிருந்தே அணைக்கலாம். அணைத்தேன். அவள் நன்மைக்காக.

இருபத்து நான்கு இருபதானது, பதினேழானது. பிறகு ஏறியது. அவள் மறுபடி போட்டுவிட்டாள். நான் அணைத்தேன். அவள் போட்டாள். நான் அணைத்தேன். அவள் போட்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு நேரம் நாங்கள் விடாமல் பேசிக்கொண்டதே இல்லை என்று ஒரு வரி தோன்றியது, நல்ல வரி, பத்தியில் போடலாம் என்று குறித்துவைத்தேன். அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன், இப்போது அது வேறு மாதிரி இருக்கிறது.

கடைசியாக நான் அணைத்தபோது அவள் போடவில்லை. பதினொன்று. எட்டு. நான்கு. அவளுக்குப் புரிந்துவிட்டது, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். காபி போட எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால் உள்ளே மைனஸ் ஒன்று, அவள் இன்னும் போடவில்லை. நானே போட்டுவிடலாம் என்று விரலை வைத்தபோது வரைபடத்தில் காரின் புள்ளி நகர்ந்தது. வரிசை கிளம்பிவிட்டது. ஓடுகிற வண்டியில் நான் எதுவும் செய்ய முடியாது. முதல் வளைவு தாண்டியதும் புள்ளி மறைந்தது. மேலே சிக்னல் கிடையாது.

அது காலை. இப்போது இருட்டிவிட்டது. காற்று வீட்டைப் பிடித்து உலுக்குகிறது. சாலை அலுவலகத்தில், வரிசை மேலே நின்றுவிட்டது, விவரம் தெரியாது என்கிறார்கள். அவள் போனில் மணியே அடிக்கவில்லை.

போனை எடு, அக்கா. நான் எந்த நகைச்சுவையும் சொல்லமாட்டேன்.


சுண்ட்விக், பிப்ரவரி 3

டோர்கிரிம்,

அன்று இரவு நான் அனுப்பிய ஒற்றை வரி உனக்குக் கிடைத்திருக்கும். அவள் உயிரோடு இருக்கிறாள், இங்கே இருக்கிறாள். மற்றதை இப்போது எழுதுகிறேன்.

மலை உச்சியில், நடைப்பயணிகள் குடிசைக்குப் பக்கத்தில் வரிசை நின்றதாம். முன்னால் போகிற வண்டியின் விளக்கே தெரியாத பனி. எண் மளமளவென்று இறங்கி, ஒன்றுமில்லாமல் போய், திரை அணைந்ததாம். ஓஸ்முண்ட் வந்து தட்டினபோது "பேட்டரி தீந்துபோச்சு" என்றாளாம். அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளை இறக்கித் தன் லாரியில் ஏற்றிக்கொண்டு, காரை அங்கேயே குடிசையோரம் விட்டுவிட்டு வந்தான். டீசல் லாரி. உள்ளே அடுப்பு மாதிரி, அவன் பனியனோடு ஓட்டுவானாம். தன் பழுப்புச் சீஸ் ரொட்டியைப் பாதி பிய்த்துக் கொடுத்தானாம். இறங்கும்போது அவன் என்னிடம் சொன்னது: "நல்லாப் பேசுறாங்கம்மா உங்க வீட்டு அம்மா. மலை மேலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் வாய் ஓயல."

இங்கேயும் ஓயவில்லை. பேசிக்கொண்டே இருக்கிறாள். நான் அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே வந்து பேசுகிறாள். கிறிஸ்துமஸ், எல்க், உன் பல் டாக்டர், நவம்பரிலிருந்து சேர்த்து வைத்தது எல்லாம். உன்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வலது கையில் இரண்டு விரல் நுனியில் புண். டாக்டர் பார்த்துவிட்டு, இது ஒரு நாள் குளிர் செய்த வேலை அல்ல என்றாள். வாசிக்க முடியுமா என்று கேட்டோம். வசந்தத்தில் சொல்கிறேன் என்றாள்.

வராதே. உன்னோடு பேச அவளுக்கு இஷ்டமில்லை. நீ ஹீட்டரை அணைத்ததை எனக்கு எழுதியிருக்கிறாய், அதற்காகவாவது உன்னைத் தம்பி என்று சொல்லிக்கொள்கிறேன். அதைப் படித்த பிறகு ஒரு நாள் முழுக்கக் கடையைத் திறக்கவில்லை.

ராக்ன்ஃப்ரிட்


ஹெய்மோ, பிப்ரவரி 12

அன்புள்ள அக்கா,

உன் ஜனவரிக் கடிதம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் முன்னாலேயே சரியாக எழுதியிருக்கிறாய். தபால் வண்டி ஒழுங்காக ஓடுகிற நாட்டில் நான் இன்னும் நல்ல கணவனாக இருந்திருப்பேன்.

மன்னி. விரல் தானாக எழுதுகிறது.

கோப்பைப் போட்டியிலிருந்து விலகிவிட்டேன். பல் டாக்டர் வருத்தம் தெரிவித்தார், பற்கள் தெரிய. கால்சட்டைப் பத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆசிரியர், "என்னப்பா, ஊரே காத்துக்கிட்டு இருக்கு," என்றார். எனக்கு இனி அதில் சிரிப்பு வரவில்லை என்றேன். "உனக்கு எதுக்குய்யா வரணும், வாசகனுக்கு வந்தா போதும்," என்றார். நியாயம்தான்.

ஞாயிறு தேவாலயத்துக்குப் போனேன். பள்ளிக்கூட வாத்தியார் ஒரு விரலால் தொட்டுத் தொட்டு ஆர்கன் வாசித்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதாவது, எல்லோரும் கவனமாகப் பார்க்காமல் இருந்தார்கள். ஆர்கன் இருக்கிற மாடியில் அவள் சின்ன ஹீட்டர் இருக்கிறது. பக்கத்தில் நான் வாங்கிக் கொடுத்த சூடு பொட்டலங்கள், உறை பிரிக்காமல்.

நேற்றுத்தான் புயல் முழுசாக அடங்கியது. ஓஸ்முண்டும் நானும் போய்க் காரைத் தோண்டி எடுத்தோம். திரும்பி வருகிற வழி முழுக்க ஹீட்டரை இருபத்து நான்கில் வைத்து ஓட்டினேன். எண் விழுந்தது. விழட்டும் என்று விட்டேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது. தனியாக இருந்தும் வாய்விட்டுப் பேசிப் பார்த்தேன், ஒரு புள்ளிகூட மங்கவில்லை. என்ன பேசினேன் என்று கேட்காதே. இன்று காலை முழு சார்ஜில் நூற்றெண்பதுதான் காட்டுகிறது. பல் டாக்டருடையது போல. அந்த வண்டி இப்போது மனுஷ வண்டியாகிவிட்டது என்று அவளிடம் சொல். பொய் எண் அவளை மலைமேல் கைவிட்டது, அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தவன் நான், அது இனிமேல் நடக்காது என்று சொல். கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னால் தருகிறேன். நான் அங்கே வரமாட்டேன். அவள் வருகிற நாளில் தடுப்புக் கட்டையில் வந்து நிற்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று இருக்கிறது. ஓஸ்முண்டிடம் சொல்லவில்லை, அவனும் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிக்கொண்டான்.

தீர்ந்துபோன வண்டிக்கு உயிர் கொடுக்க அவன் தன் லாரியில் பெரிய பேட்டரியும் கேபிளும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அது தேவைப்படவில்லை. கார் ஒழுங்காகப் பூட்டியிருந்தது. கதவைத் திறந்ததும் திரை எரிந்தது. சார்ஜ் ஐம்பத்தெட்டு சதவீதம் இருந்தது.

டோர்கிரிம்